எடைமேடை

லிங்கன்ஷயரில் நவம்பர்.
நாலரைக்கே இருட்டிவிடுகிறது.
பின்னால் இருபத்தெட்டு டன் சர்க்கரைக் கிழங்கு,
முன்னால் மூடுபனி,
ஸ்பீக்கரில் ஒரு வால் துப்பாக்கிக்காரர்.

செட்ரிக் ஹாலம்.
எழுதியபோது எழுபத்தெட்டு வயது,
கதைக்குள் இருபது,
வாசிக்கும் நடிகனுக்கு முப்பது இருக்கலாம்.
மூன்று வயதும் ஒரே தொண்டையில்.

அஸ்லாக்பி என்று வாசிக்கிறான்.
"ஏஸல்பி, கண்ணு, ஏஸல்பி"
என்று டேஷ்போர்டைத் திருத்துகிறேன்.
எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களில்
பாதி எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கும்.

பழைய ஓடுபாதையில் இப்போது
வான்கோழிக் கொட்டகைகள்.
அந்த உடைந்த கான்கிரீட்டை நான் கடக்கும்போது
அவர்கள் மேலே ஏறுகிறார்கள்.
ஏழு பேர்.
எழுதியவர் பிழைத்துவிடுவார், தெரியும்.
மற்ற ஆறு பேருக்கு யார் உத்தரவாதம்?
பதினெட்டாயிரம் அடியில் ஃபிளாஸ்க் தேநீர் உறைகிறது.
நான் ஹீட்டரைக் குறைக்கிறேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

டச்சுக் கரைமேல் தேடுவிளக்கு பிடித்துக்கொண்ட நேரம் பார்த்து
ஆலை வாசல் வந்துவிட்டது.
நிறுத்தினேன்.
எடைமேடை ஏறி, சீட்டு வாங்கி,
மண்ணுக்கென்று இவ்வளவா கழிப்பது என்று சண்டை பிடித்து,
கழிப்பறை போய், ஒரு பொட்டலம் சிப்ஸ் தின்று,
நாற்பது நிமிடம்.
ஏழு பேரும் வெளிச்சத்தில் அப்படியே நின்றார்கள்.
யாரும் விழவில்லை.

கிழங்கு இறக்கும் ரிமான்டாஸ்
என்ன கேட்கிறாய் என்றான். சொன்னேன்.
"கீழே யார் இருந்தது?"
குத்தல் இல்லை அதில்.
கிழங்கு எந்த வயலுடையது என்று
கேட்பதுபோலத்தான் கேட்டான்.

திரும்பும்போது காலி வண்டி.
பாரம் போனதும் விமானம் துள்ளி எழும்பியது என்கிறார் ஹாலம்.
அந்தத் துள்ளல் என் முதுகுக்குத் தெரியும்.
மற்றவர்கள் வீட்டைப் பார்த்துப் பறக்க,
வாலில் இருப்பவனுக்கு மட்டும்
விட்டுவந்த ஊர் வெகுநேரம் தெரியும்.

'இலக்கு நன்றாக எரிந்தது.'
அடுத்த வரியில் முட்டையும் பன்றிக்கறியும்.

இரண்டுக்கும் நடுவில்
அந்த நடிகன் எச்சில் விழுங்குகிறான்.
புத்தகத்தில் இருந்திருக்காது அது.
பதினைந்து நொடி பின்னால்.
மறுபடி.
மறுபடி.

ஏஸல்பி திருப்பத்தைத் தவறவிட்டு
எங்கேயோ வந்துவிட்டேன்.