ஆனா

பெரியாஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில்
பதினான்கு மருந்துக்கடை ஏறி இறங்கிவிட்டேன்.
பயோடேட்டா நகல் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்.
பெயர் முத்திருளாயி. வயது முப்பத்தொன்பது.
அனுபவம் பதினோரு வருசம், ஒரே கடை.
அங்கேதான் சிக்கல்.
ஒரே கடை என்றால் ஒரே நம்பர்.

கேட்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.
ஸ்டூல் போடுகிறார்கள். சிலர் டீ கூடச் சொல்கிறார்கள்.
டாக்டர் கிறுக்கிய சீட்டு ஒன்றை நீட்டி
இது என்னன்னு படிங்க என்கிறார்கள்.
படிக்கிறேன். மாத்திரை, வேளை, எத்தனை நாள்,
கீழே இருக்கும் சுழி எந்த வார்டு டாக்டருடையது என்பதுவரை.
முகம் மலர்கிறது. அப்புறம்
போனை எடுக்கிறார்கள்.

அண்ணே வணக்கம்ணே.
ஆமாண்ணே, இங்கதான் உக்காந்திருக்கு.
அப்படியா. கை சுத்தமா. நேரத்துக்கு வந்துருமா. சரி சரி.
பிறகு,
ஆனா?

அதற்கப்புறம் ம்.
ம்.
ஓஹோ. ம்.

அந்த ஆனாவுக்குப் பின்னால்
ராஜாங்கம் முதலாளி என்னதான் சொல்கிறார்?
தீபாவளிக்கு முந்தின நாள், கடை நிறைய ஆள் நிற்க,
மூன்று மாசச் சம்பளப் பாக்கியைக் கேட்டேன்.
சத்தமாகத்தான் கேட்டேன். அதையா?
தேதி முடிந்த டானிக்கை
லேபிள் சுவர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னபோது
திருப்பாமல் நின்றேன். அதையா?
ஒருநாள் கல்லாவில் இருநூறு குறைந்தது.
அது நான்தான். அவசரத்தில் சில்லறை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.
மறுநாள் என் காசைப் போட்டேன்.
அதையும் சொல்வாரோ, முதல் பாதியை மட்டும்.

அனுபவச் சான்றிதழ் கேட்டுப் போனேன்.
லெட்டர்பேடு தீர்ந்துருச்சே என்றார்,
லெட்டர்பேடின் மேல் முழங்கை ஊன்றிக்கொண்டு.

ஒண்ணாப்பில் முதல் எழுத்துக்கு
ஆனா என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.
அதில் ஆரம்பித்துத்தான் எல்லாம் படித்தேன்.
இப்போது தினமும் அதில் வந்து முடிகிறது.

பதினைந்தாவது கடை கோரிப்பாளையம் பக்கம்.
தனபாக்கியம் என்று ஓர் அம்மா.
மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே
பழைய முதலாளி நம்பர் குடுங்க என்றார்.
தர மாட்டேன் என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.
பின்னே யாருதான் உங்களைத் தெரிஞ்சவங்க?
சொந்தக்காரர் சொல் எடுபடாது.
வார்டு மெம்பரை எனக்குத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியாது.
கடைசியில்
செல்லூர் ஜெய்லானி பாய் மளிகைக்கடை நம்பரைக் கொடுத்தேன்.
மூவாயிரத்துச் சொச்சம் நிற்கிறது அங்கே.
பத்து நாளாக அந்தக் கடை வாசலை விட்டு
பின் சந்து சுற்றி வீடு போகிறவள் நான்.

கைவேலை இருந்ததால்
ஸ்பீக்கரில் போட்டார் அந்தம்மா.
யாரு, இருளாயியா?
பின்னால் தராசுத் தட்டு சத்தம்.
யாரோ கால் கிலோ துவரம்பருப்பு கேட்கிறார்கள்.
பாக்கி இருக்கும்மா. ரெண்டு மாசமா நிக்கிது.
நான் தரையைப் பார்த்தேன்.
ஆனா
தந்துரும்.
நான் கேட்டதே இல்ல, அதுவா வந்து குடுக்கும்.
பக்கத்துல இருந்தா ஒண்ணு கேளுங்க,
எதுக்கு இப்பல்லாம் சுத்திப் போகுதுன்னு.

கத்தரி நின்றது.

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.
பழைய சம்பளத்தைவிட ஆயிரத்தைந்நூறு குறைவு.
ஒரு மாசம் கல்லாப் பக்கம் வரக் கூடாது.
உள்ளே பெட்டி பிரிக்கிற வேலை.
சரி என்றேன்.

படி இறங்கியவள்
மறுபடி ஏறிப்போய்ச் சொன்னேன்:
கண்ணுக்குப் போடுற சொட்டுமருந்தும்
காதுக்குப் போடுறதும் ஒரே டப்பாவுல கிடக்குக்கா.
பிரிச்சு வைக்கணும். இன்னைக்கே.

அந்தம்மா கண்ணாடிக்கு மேலாக
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ராஜாங்கம் சொன்னது
இதைத்தானோ என்னவோ.