ஆள் இல்லாத ஆள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுவோம்.
பதினோரு பேர், ஒன்பது கேமரா.
மீதி இருவருக்கு ஆசை மட்டும்.
சந்தா நூறு ரூபாய், டீ தனி.

நான் சேர்ந்த அன்று
செயலர் ஜெபரத்தினம் கேட்டார்:
"என்ன எடுப்பிய? பறவையா, கோயிலா?"
இரண்டும் இல்லை என்றேன்.
"அப்போ கல்யாணமா?"
மின்வாரியத்தில் பணம் வாங்குகிறேன் என்றேன்.
நோட்டில் எழுதிக்கொண்டார்:
ஆவுடையம்மாள். வகை, போகப் போகத் தெரியும்.

தை மாதம் கூந்தன்குளம் போனோம்.
ஒரு கூழைக்கடா சிறகை விரித்தது.
ஒன்பது ஷட்டரும் ஒரே தும்மலாய்த் தும்மின.
அடுத்த கூட்டத்தில்
அதே பறவை, அதே சிறகு,
திரையில் ஒன்பது தடவை பறந்தது.
அதன் பிறகுதான் ஜெபரத்தினம் தலைப்பு வைத்தார்:
ஆள் இல்லாத ஆள்.
ஒருத்தரை எடுக்கணும்,
அவர் படத்தில் இருக்கக் கூடாது.

வந்ததில் செருப்பு மூன்று.
பேப்பர் மேல் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி மூன்று.
டம்ளர் தண்ணீரில் பல்செட் ஒன்று.
யார் எடுத்தது என்று கேட்கக் கூடாது, விதி.
ஆனாலும் எல்லோரும்
பல் டாக்டரைத்தான் பார்த்தோம்.

என் படம், பணம் கட்டும் ஜன்னல்.
கவுன்ட்டர் மூடிய பின்
மேற்கு வெயில் விழும்போது உள்ளிருந்து எடுத்தது.
கண்ணாடியில் வட்டமாய் ஓட்டை,
அதைச் சுற்றி அன்றைக்கு வந்தவர்களின் மூச்சு,
நெற்றி எண்ணெய், ஓரிடத்தில் திருநீறு.
குட்டையானவர்கள் கீழே, நெட்டையானவர்கள் மேலே.
ஃபியூஸ் பிடுங்கியதற்குச் சண்டை போட்டவரின்
ஐந்து விரல்.
எல்லாவற்றுக்கும் கீழே
இடுப்புக் குழந்தை ஒன்று நாக்கை வைத்த இடம்.

"லென்ஸ் அழுக்கு."
"இல்லவே, கண்ணாடி அழுக்கு."
"தொடச்சிட்டு எடுத்திருக்கலாம்லா."
நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
அது என் படம் இல்லை என்பதுபோல் குடிப்பது
லேசுப்பட்ட காரியமில்லை.

கடைசியாக அந்தக் கைக்குட்டை வந்தது.
பாபநாசம் பஸ், ஜன்னலோர சீட்.
வெளியிலிருந்து எறிந்தது,
பாதி மடிப்பு அவிழ்ந்து கிடந்தது.
மூலையில் நீல நூலில் ஒரு 'சு'.
படிக்கட்டில் முண்டியடிக்கும் ஒருவனின் இரைப்பு
எனக்குக் கேட்டது.

கை தூக்கச் சொன்னார்கள்.
தன் படத்துக்குத் தூக்கக் கூடாதென்று விதியில்லை.
செருப்புக்காரர்களே செருப்பைக் கைவிட்டார்கள்.
கைக்குட்டைக்கு ஆறு, கண்ணாடிக்கு ஐந்து.
ஆறில் ஒன்று என் கை.

ஜெயித்தவர் பெயரை மட்டும் சொல்வது வழக்கம்.
செய்யது மசூது, மேலப்பாளையத்தில் பேட்டரி கடை.
அவர் கை கண்ணாடிக்கு எழுந்ததை
நான் பார்த்திருந்தேன்.
பரிசு ஒரு டிரைபாட்.
ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம்.
ஒரு கால் நீளாது.

திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் வண்டியை நிறுத்தி
கணக்குப் போட்டேன்.
ஒரு கை. என்னுடைய ஒரே ஒரு கை.
நாளெல்லாம் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவளுக்கு
அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.
கீழே ஒருவன் எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
எடுக்கவில்லை.
வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன்.
போகவில்லை.

பதினெட்டாம் தேதி வரிசையில் மசூது வந்தார்.
அட்டையை நீட்டினார். எழுநூற்று நாற்பது.
ஓட்டைக்குக் குனிந்து
என்னவோ சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார்.
நிமிர்ந்தார்.
கண்ணாடியை மேலிருந்து கீழாகப் பார்த்தார்,
கரண்ட் பில் கட்ட வந்தவர் எவரும்
பார்க்காத மாதிரி.
அவர் மூச்சு சின்ன வெண்மையாய்ப் படிந்து
ஓரத்திலிருந்து சுருங்கியது.

"மீதி அறுபது" என்றேன்.
"டிரைபாட் வண்டியிலதான் கெடக்கு" என்றார்.
"ஒரு கால் நீளாதே."
"செங்கல் வச்சா நிக்கும்."

"அண்ணாச்சி, கதைய வெளிய போய்ப் பேசுங்க"
என்றபடி
அடுத்த கை உள்ளே நீண்டது.