வெள்ளைக் கரு

பீட்டர்ஸ்பர்க். ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில்
தினமும் நாற்பது முட்டை உடைப்பேன்.
மஞ்சள் முயலுக்கு.
வெள்ளை எனக்கு,
சம்பளச் சீட்டில் எழுதாத கூலி.

புல் தின்கிற பிராணி அது.
சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து
குழாய்வழி இறக்கும்போது
என் மணிக்கட்டில் அதன் இதயம்
தையல் எந்திரமாய் ஓடும்.

நூறாம் நாள் கீறிப் பார்த்தார்கள்.
பெருந்தமனியின் உட்சுவரில் கோடு கோடாக
நான் ஊற்றிய அதே மஞ்சள்.
டாக்டர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.
நான் தரையைக் கழுவினேன்.

அடுத்த கூண்டில் எலிகள்.
அதே முட்டை, அதே எண்ணெய், அதே கை.
கீறினால்
கழுவிக் கவிழ்த்த கோப்பைபோல
வழுவழுவென்று இருந்தது குழாய்.

"எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்றார் ஒருவர்.
"அப்படியானால் முயலை மட்டும் ஏன்?" என்றார் இன்னொருவர்.
நான் மேலங்கியை மாட்டி, வாளியைத் தூக்கி,
தெருமுனை திரும்பும்வரை
சண்டை கேட்டது.

நேவா உறைந்து கிடந்தது.
வீட்டில் ஸவெலி நெஞ்சைத் தடவியபடி
அடுப்போரம் உட்கார்ந்திருந்தான்.
துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன்,
ஈஸ்டருக்கு ஈஸ்டர் முழுமுட்டை கண்டவன்.

உப்புப் போட்டு அடித்து
வாணலியில் ஊற்றிக் கொடுத்தேன்.
வெளுத்த அடையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"கிளாஃபிரா,
மஞ்சளையெல்லாம் யார் தின்கிறார்கள்?"