மூக்குப் பாரம்

ரெயிலரைக் கொழுவினவுடன்
என்ர பிக்கப் பின்காலில் குந்திவிடும்.
முன்விளக்கு இரண்டும் தெருவை விட்டுவிட்டுப்
பனை வட்டுகளைத் தேடும்.
கைதடியில் மறித்த பொலிஸ்காரர் கேட்டார்:
"வௌவால் பிடிக்கவோ போறியள், அக்கா?"

சிரித்தேன். ஆனால் ஸ்டியரிங்
அன்றைக்கு என் கையில் இருக்கவில்லை.
வளைத்தால் வளைந்தது,
கொஞ்சம் யோசித்துவிட்டு.

பின்னால் வந்தது இரண்டு தொன்:
ஜெனரேற்றர், டீசல் தாங்கி, சுருட்டிய வயர்,
இறக்கிவிட்டாலும் திரும்ப ஏறி
வயருக்கு மேல் நித்திரை கொள்ளும் டிலக்சன்.
கோயிலுக்கு வெளிச்சம் கொண்டுபோறவள்
தெரு தெரியாமல் கிடங்கில் விழுந்தாள் என்று
ஊர் சொல்ல முன்னம்
ஐந்துசந்திக்குப் போனேன்.

நிஸ்தார் மல்லாந்து உள்ளே போய்
செருப்பு மட்டும் வெளியே தெரியப் பேசினார்.
"பட்டை நாலும் நிமிந்து போச்சு.
அஞ்சாவது ஒண்டு வைக்கலாம்.
இல்லாட்டி உதவிப் பட்டை எண்டு ஒண்டிருக்கு.
வெறும் வண்டியில ஒண்டிலும் முட்டாது,
பாரம் இறங்கினால்தான் தோள் குடுக்கும்.
கொழும்பில இருந்து வர ரெண்டு கிழமை."

கொடியேற்றம் வெள்ளிக்கிழமை.
அப்படி ஒரு பட்டையைத்தான்
பங்காளி என்று சேர்த்து
இந்தத் தொழிலைத் தொடங்கினேன்.
பாரம் இறங்கின நாளிலும் அது முட்டவில்லை.
நிஸ்தாருக்கு இதைச் சொல்லவில்லை.
"அஞ்சாவதை வையுங்கோ."

அவர் உடனே வைக்கவில்லை.
பக்கத்துக் கடையில்
வெங்காயம் நிறுக்கிற தராசை இரவல் வாங்கி
ரெயிலரின் மூக்கை அதில் ஏற்றினார்.
சருகு ஒட்டிய முள்ளு துடித்துத் துடித்து
முந்நூற்றுப் பத்தில் நின்றது.

"பட்டையில மட்டும் பிழையில்லை, தங்கச்சி.
ஆர் இதை இவ்வளவு முன்னுக்குப் பூட்டினது?"

நான்தான். போன மார்கழி, மழைக்குள்ளே,
துளை இருந்த இடத்தில் போல்ட்டை விட்டு
இறுக்கிவிட்டு வந்தேன்.

போகச் சொன்ன வருசம் போய்
புத்தளத்து உப்பு லொறிகளுக்குக் கீழே
இருபது வருசம் கிடந்த மனுசன்.
எதை எங்கே வைத்தால் எது தூக்கும் என்று
அவருக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை.
செயின் புளொக்கில் ஜெனரேற்றரைத் தொங்கவிட்டு
அரைச் சாண் பின்னுக்கு.
இருநூற்று ஐம்பத்தைந்து.
இன்னும் நாலு விரல்.
இருநூற்றுப் பதினேழு.

"இன்னும் கொஞ்சம்?" என்றான் டிலக்சன்.
"வேண்டாம். வாலில பாரம் போனா
வால்தான் வண்டியை ஆட்டும்."
அங்கேயே புதுத் துளை போட்டார்.

அஞ்சாவது பட்டை
ஸ்டான்லி வீதிப் பழைய இரும்பில் கிடைத்தது,
ஏதோ கன்ரர் லொறியின் எலும்பு.
வெட்டி, வளைத்து, கிறீஸ் பூசி
யூ போல்ட்டை இறுக்குகையில் சொன்னார்:
"நூறு கிலோமீற்றர் ஓடிப்போட்டுக்
கொண்டு வாங்கோ, திரும்ப இறுக்கவேணும்.
மற்றது, நான் கூட்டினது பட்டை.
பிரேக்கைக் கூட்டேல்லை."

வியாழன் இரவு பொன்னாலைப் பாலம்.
விளக்கு தெருவிலே விழுந்து கிடந்தது.
இத்தனை கிடங்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.
லைற் இல்லாத சைக்கிள் ஒன்று, அதன் பின்னால்
பறியோடு ஒரு ஆள்,
குறுக்கே போன நண்டு, எனக்கு நின்று வழிவிட்டது.
இரண்டு தொன் பின்னால் வருவதே தெரியவில்லை.
பிளாஸ்கில் தேத்தண்ணி அசையவில்லை.

காரைநகரில் கழற்றி விட்டுவிட்டுத்
திரும்பி வரும்போதுதான்
பிக்கப் துள்ளத் தொடங்கியது.
தார் ஒட்டு ஒவ்வொன்றும் முதுகில் ஏறியது.
பிளாஸ்க் உருண்டது. டிலக்சனின் தலை
கூரையில் இடித்தது.
"சும்மா வரேக்கதான் அக்கா
கூட நோகுது."

திருவிழா பத்து நாள்.
ஜெனரேற்றர் அங்கே நிற்கும்.
நான் நூறு கிலோமீற்றரை
இப்படித்தான் ஓடி முடிக்கவேணும்.