பின்சக்கரம்

டாசனுக்கு முன்பே வலப்பக்கம் திரும்பினோம்.
கொஞ்ச தூரத்தில் தார் முடிந்தது.
இனி வடகோடிவரை சரளைதான்.
டெல்மர் இறங்கிப்போய்
குட்டி டிரெய்லரின் மட்கார்டைத் தடவினான்,
ஊசி போடப்போகும் நாயைத் தடவுவதுபோல.

ஏப்ரலில் அடித்த பச்சை பெயின்ட், மூன்று கோட்.
மேலே ஒட்டிய கண்ணாடி பிலிமுக்குள்
ஒரு கொசு, சாகாவரம் வாங்கி.
குமிழி நீக்க என் நூலக அட்டையைக் கேட்டான்.
இன்னும் வரவில்லை அது.

எதிரே லாரி வரும்போதெல்லாம்
ஓரங்கட்டி நிறுத்தி
ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் விசாரித்தான்.

ஈகிள் ப்ளெயின்ஸில் பெட்ரோல் போடும்போது
குனிந்து பார்த்தோம்.
மட்கார்டின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு.
பதினொன்று, பன்னிரண்டு...
எண்ணுவதை விட்டுவிட்டான்.
பிலிம் கிழிந்து நாக்குத் தள்ளியிருந்தது.

பம்ப்பில் நின்ற எல்டா,
க்விச்சின் பெண், கையுறையைக் கழற்றாமலே
எங்கள் காரைக் காட்டினாள்:
"லாரிக்காரன் என்ன செய்தான் பாவம்?
கல் எறிவது உன் பின்சக்கரம்."

டெல்மரின் காது சிவந்தது.
நான் மேப்பை மடித்தேன்,
ஏற்கெனவே மடித்திருந்ததை.

கொட்டகையிலிருந்து பழைய கன்வேயர் பெல்ட்
ஒரு துண்டு கொடுத்தாள்.
அறுத்து, துளையிட்டு,
காரின் சக்கரங்களுக்குப் பின்னால் தொங்கவிட்டோம்.
இரண்டு மணி நேரம். ஒரு கத்தி போயிற்று.
தகரம் தெரிந்த இடங்களில்
என் நகப்பூச்சைத் தொட்டு வைத்தேன்.
சிவப்பு. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி சரளை.
இப்போது ணங் ணங் இல்லை,
ரப்பரில் பொத் பொத்.

எதிரே ஒரு லாரி வந்தது.
டெல்மர் கையை உயர்த்தினான்.