ஊறுகாய் வாளி

டுலூத்தில் ஜனவரி.
ஏரி இறுகிக் கிடக்கிறது.
தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில்
ஒன்பது பேர் நெருப்பைப் படிக்கிறோம்,
கோட்டைக் கழற்றாமல்.

சொல்லிக்கொடுக்கும் கேல் ரந்தனென்
என்னைவிடப் பதினான்கு வயது இளையவன்.
"தீயை அணைக்க வந்தவர்கள் பக்கத்து அறைக்குப் போகலாம்"
என்றான் முதல் நாளே.
பக்கத்து அறையில் சிரிப்பு, சூப் வாசனை,
சுவரெல்லாம் பதக்கம்.
எங்களுக்கு ஓர் அளவுநாடா,
ஒரு டார்ச், ஓர் எழுதுபலகை.

பதினெட்டு அங்குலம்:
நீர்த்தெளிப்பானுக்குக் கீழே
எதையும் அடுக்கக் கூடாத வெளி.
முப்பத்தாறு: மின்பெட்டிக்கு முன்னால்.
பதினைந்து சதுர அடி:
மேசை போட்ட கூடத்தில் ஓர் உயிருக்கு.

அக்கா மகள் கல்யாணத்தில்
எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க
நான் நீளத்தை அகலத்தால் பெருக்கிப்
பதினைந்தால் வகுத்தேன்.
பன்னிரண்டு பேர் அதிகம்.
வாசலோரம் போய் நின்றுகொண்டேன்.

முதல் தேர்வில் அறுபத்தெட்டு.
எழுபது வேண்டும்.
கார் சூடேறும்வரை உட்கார்ந்து
அந்த இரண்டைத் தேடினேன்.
கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற கேள்வி.
உள்பக்கம் என்று எழுதியிருந்தேன்.
வீட்டுக் கதவு அப்படித்தானே திறக்கிறது,
வருகிறவர்களுக்காக.
ஐம்பது பேர் கூடும் இடத்தில்
கதவு, போகிறவர்களுக்கானது.

இரண்டாம் முறை எண்பத்தொன்று.
பிறகு கேல் பின்னால் நிற்க
நானே செய்ய வேண்டிய பத்து ஆய்வுகள்.
மூன்றாவதாக ஒரு பெயர்: வுகோவிச் பவுலிங்.
பத்தொன்பது வருடம் அங்கே
வெங்காய வளையம் பொரித்தவள் நான்.
"வேறு யாரையாவது அனுப்பேன்."
"ஊரே இவ்வளவுதான், டார்லா."

மிலோ வுகோவிச் கட்டிப்பிடித்தான்.
சாண்ட்விச் போடட்டுமா என்றான்.
வேண்டாம் என்றது
எனக்கே வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது.

தீயணைப்பான் முள் பச்சையில்.
வெளியேறும் வழிப் பலகை, பொத்தானை அழுத்தினால் எரிகிறது.
உருளும் பந்துகளின் இடி முதுகுக்குப் பின்னால்.
பிறகு சமையலறைக் கதவு.
ஒன்றரை மணி நேரம் தீயைத் தாங்கும் என்கிறது
விளிம்பில் அடித்த தகடு.
மூடியிருந்தால்.

திறந்தே கிடந்தது.
அடியில் முட்டுக்கொடுத்து
ஒரு வெள்ளரி ஊறுகாய் வாளி, நிறைய மணலோடு.
கறுப்பு மையில் கொட்டை எழுத்து:
நகர்த்தாதே. டார்லா.

கேல் படித்தான், பேசவில்லை.
"உன் வாளிதான்" என்றான் மிலோ பெருமையாக.
"நீ போன பிறகும் ஒருத்தரும் தொடவில்லை."

இரண்டு கையிலும் தட்டோடு
நாளைக்கு நூறு தரம்
இடுப்பால் அந்தக் கதவை இடித்தவளை
எனக்குத் தெரியும்.
இடுப்பில் அவள் ஒட்டிய வலிப்பட்டையையும்.
அவள்மேல் எழுதக் கை வரவில்லை.
எழுதினேன்.
விதி எண், இடம், சரிசெய்ய வேண்டிய தேதி.
காரணத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
கீழே ஆய்வாளர் பெயர்:
வாளியில் இருக்கிற அதே எழுத்து,
கொஞ்சம் சின்னதாக.

குனிந்து வாளியைத் தூக்கினேன்.
நினைத்ததைவிடக் கனம்.
கதவு முதலில் அசையவில்லை,
பிறகு முனகியபடி வந்து
சட்டத்துக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிட்டது.
"தாழ் விழவில்லை" என்றான் கேல்.
அதையும் எழுதினேன்.

காந்தப் பிடி ஒன்று இருக்கிறது, மிலோ.
திறந்தே வைத்திருக்கும்.
அபாய மணி அடித்தால் தானே விட்டுவிடும்.
விலை கேட்டான். சொன்னேன்.
"வாளி நாலு டாலர்" என்றான்.

பின்வாசல் படியில் பனி கண்ணாடியாக உறைந்திருந்தது.
மணலை அங்கே கொட்டிவிட்டு வந்து
கதவைக் கையால் அழுத்தினேன்.
டக்.

அந்தப் பக்கம் யாரோ காலால் உதைத்தார்கள்.
புதிதாகச் சேர்ந்த பெண்,
இரண்டு கையிலும் தட்டு.
அவள் கடக்கும்வரை
திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.