மூன்று கை

குத்தாயிசியில் எங்கள் கட்டிடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
இணையத்தை மட்டும் நான்கு வீடுகள் சேர்ந்து குடிக்கிறோம்,
முர்மன் வீட்டு ரௌட்டரிலிருந்து.
கடவுச்சொல் அவன் நாயின் பெயர், இரண்டு முறை:
குர்ஷாகுர்ஷா.
நாய் செத்து இரண்டு வருஷம்.

வசந்தம் தொடங்கியதிலிருந்து பெட்டிக்குச் சோகை.
சியாலாவின் மகள் இத்தாலியில், பாரியில்,
யாரோ ஒரு கிழவருக்குச் சோறூட்டிப் படுக்க வைத்துவிட்டு
இரவு ஒன்பதுக்கு அழைப்பாள்.
முகம் வரும், குரல் வராது.
குரல் வந்தால் முகம் கட்டம் கட்டமாக உதிரும்.

நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன்.
தண்ணீர் புகாத ஒரு பெட்டி எனக்கு எம்மாத்திரம்?
அணைத்தேன், முப்பது எண்ணினேன், போட்டேன்.
சேனலை ஒன்றிலிருந்து ஆறுக்கு,
ஆறிலிருந்து பதினொன்றுக்கு.
ஆன்டெனாக்களை முயல் காதாக நிமிர்த்தினேன்.
கேபிளை முகர்ந்துகூடப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.

அப்புறம்தான் அந்த ஆசை.
கம்பெனி எழுதிவைத்த ஃபர்ம்வேரைத் துடைத்துவிட்டு
முகம் தெரியாத யார் யாரோ
ராக்கண் விழித்து எழுதியதை ஏற்றினால்
பெட்டிக்குப் புது ரத்தம் ஊறுமாம்.
தவறினால் செங்கல்லாகிவிடும் என்றும் எழுதியிருந்தது.
செங்கல்லாவது சுவருக்கு ஆகும்.

பதிப்பு எண் பெட்டியின் அடியில், சீட்டில்.
தூசிக்குள் மூன்று இரண்டாகத் தெரிந்தது.
கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

நீலக் கோடு ஊர்ந்தது.
அறுபது சதவீதத்தில் ஜன்னல் பக்கம் இடித்தது வானம்.
மின்சாரம் போய்விடக் கூடாதே என்று
சிலுவை போட்டுக்கொண்டேன்.
போகவில்லை.
மின்வாரியத்தைத் திட்டக்கூட வழியில்லாமல்
பிழை முழுக்க என்னுடையதானது.

எல்லா விளக்கும் அணைந்து
ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறத்தில்,
இமைக்காமல்.

எதிர்வீட்டு ததுலி கதவைத் தட்டினாள்:
பாதி வகுப்பில் பேராசிரியர் உறைந்துவிட்டார்.
முர்மன் வாங்கிய விலையைச் சொன்னான்.
மறுபடி சொன்னான்.
சியாலா ஒன்றும் சொல்லவில்லை. மணி எட்டே முக்கால்.

செத்த பெட்டிக்கும் ஒரு பழக்கம் உண்டு.
மின்சாரம் பாய்ந்ததும் மூன்று விநாடி
அது யாரையும் நம்பும்,
எதைக் கொடுத்தாலும் விழுங்கும்.
அதற்குப் பிறகு காது கேட்காது.
அந்த மூன்று விநாடிக்குள்
ரீசெட் துளையில் ஊசி அழுந்தியிருக்க வேண்டும்,
ப்ளக் செருகியிருக்க வேண்டும்,
லேப்டாப்பில் என்டர் தட்டியிருக்க வேண்டும்.
எனக்கு இரண்டே கை.

சமையலறை மேசையில் கிடத்தினோம்.
சியாலா கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள்.
ததுலியின் போனிலிருந்து
கம்பெனிக்காரனின் பழைய கோப்பை இறக்கினேன்,
இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு:
மூன்று. மூன்றுதான்.

ஏர்த்தி, ஓரி, சாமி என்று அவள் எண்ண
நான் செருகினேன். விழவில்லை.
ஏர்த்தி, ஓரி, சாமி.
அவள் விரல் நுனி வெளுத்திருந்தது.
ஏழாவது முறை
பெட்டி விழுங்கியது.

ஒன்பது இருபதுக்கு பாரி.
சமையலறை மேசை மேல் மகளின் முகம்
நரை முதற்கொண்டு தெளிவாக,
பின்னால் கிழவரின் இருமல்கூடக் கேட்டது.
"அம்மா, ஏன் தலை கலைஞ்சிருக்கு?"

பேசி முடித்ததும் முர்மன்
பெட்டியைத் தூக்கிப் பழைய அலமாரியில் வைத்தான்.
உடனே ததுலியின் பேராசிரியர் மறுபடி உறைந்தார்.
அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன்:
ரௌட்டருக்கும் எங்கள் மூன்று வீட்டுக்கும் நடுவே
சுவர் நீளத்துக்கு மீன்தொட்டி.
ஒன்பது வாளித் தண்ணீராவது இருக்கும்,
அலையெல்லாம் குடித்துக்கொண்டு.

"இது எப்போ வாங்கின?"
"ஈஸ்டருக்கு."

தண்ணீர்தான் என் தொழில்.

பெட்டி இப்போது சியாலாவின் ஃபிரிட்ஜ் மேல்.
முர்மன் விலையைப் பற்றி மறுபடி பேசவில்லை.
ஒன்றே ஒன்று கேட்டான்,
மீன்களைப் பார்த்தபடி:
கடவுச்சொல் பழையதாகவே இருக்கட்டும்.
அடித்தேன், இரண்டு முறை.
இது மிக பலவீனமானது,
உறுதியாக இதுதானா என்று கேட்டது பெட்டி.
ஆம் என்று அழுத்தினேன்.